சம்பந்தியின் இடது காது

பிப்ரவரி 10

சம்பந்தி அம்மாவுக்கு,

சனிக்கிழமை அந்த ஹாலில் யார் யார் இருந்தார்கள் என்று முதலில் எழுதிவிடுகிறேன். பிறகு நீங்கள் "அவ்வளவு பேர் இல்லையே" என்று சொல்லக் கூடாது.

மேடை ஓரமாக நம் மலர் அலங்காரச் சங்கத்துத் தலைவி மைக்கம்மா. மைக் கைக்கு வந்தால் திருப்பித் தராததால் அந்தப் பெயர். செயலாளர் மருந்துக்கடைக்காரி. பூவை இறக்கிவிட்டுப் போகாமல் கடைசிவரை வேடிக்கை பார்த்த பூக்கடைக்காரர். சான்றிதழ் பரீட்சையில் எனக்கு மார்க் போட வெளியூரிலிருந்து வந்த இரண்டு பேர்: ஒருத்தி நெட்டை, இன்னொருத்தி வாயைத் திறக்காமல் எழுதிக்கொண்டே இருந்த பேனாக்காரி. சங்கத்தின் ஒரே ஆண்பிள்ளையான ரிட்டயர்டு போஸ்ட்மாஸ்டர். என் வியாழக்கிழமை வகுப்புக்கு வருகிற பதினொரு பேரும்: தையல்காரி, நர்ஸ் அக்காதங்கை, பல் டாக்டர் வீட்டம்மா, மற்ற ஏழு பேர். மேடையைப் பெரிதாகக் காட்ட டிவியும் கேமராவும் மாட்ட வந்த உங்கள் பிள்ளை, அதாவது என் மாப்பிள்ளை. என் மகளுக்கு ஆபீஸ், அவள் வரவில்லை. முன்வரிசையில் மூன்றாவது நாற்காலியில் நீங்கள். இத்தனை பேர் முன்னால் விழுந்தேன். விழுந்தது என் பூ ஜாடிதான், ஆனால் எனக்கு இரண்டும் ஒன்றுதான்.

மேடையில் டெமோ செய்கிறவள் ஜாடிக்குப் பின்னால் ஒதுங்கி நின்று, கையை மட்டும் நீட்டித்தான் அடுக்க வேண்டும். முன்னால் வந்து பார்க்கக் கூடாது. எனக்குத் தெரிவதெல்லாம் பின்பக்கத்து இலையும் என் கையும்தான். அதற்காகத்தானே மூன்று வருடமாக நமக்குள் ஒரு ஏற்பாடு? பூ எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கத்துக் காதை நீங்கள் தொடுவீர்கள். நான் எதிர்ப்பக்கம் தள்ளுவேன். நேராக இருந்தால் கையைக் கட்டிக்கொள்வீர்கள்.

சனிக்கிழமை நீங்கள் இடது காதைத் தொட்டீர்கள். தள்ளினேன். மறுபடியும் இடது காது. மறுபடியும் தள்ளினேன். இன்னுமா என்று என் கை தயங்கியது. நீங்களோ தோடு தொலைந்தவள் மாதிரி காதை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தீர்கள். என் கையை நம்பாமல் உங்கள் காதை நம்பினேன். நாலடி உயரக் கிளாடியோலஸ், லில்லி, ஜாடி, தண்ணீர், எல்லாம் நெட்டையின் மடியில்.

இது எனக்கு விளையாட்டு இல்லை என்று உங்களுக்குத் தெரியும். சான்றிதழ் இல்லாதவர்கள் மார்ச் முடிந்தபின் வகுப்பு எடுக்கக் கூடாது என்று மைக்கம்மா ஜனவரிக் கூட்டத்தில் சொன்னாள். சொல்லும்போது என்னைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தாள். நான் நாலாம் வகுப்போடு நின்றவள். நான் சொல்வதைப் பதினொரு பேர் நோட்டில் எழுதிக்கொள்வது அறுபத்தைந்து வயதுக்கு மேல் எனக்குக் கிடைத்தது. அதை விடமாட்டேன். மார்ச் 29-ல் இன்னொரு தடவை பரீட்சைக்கு விடுகிறார்கள். அதுதான் கடைசி.

நீங்கள் மறுநாள் விடிந்ததும் பஸ் ஏறி உங்கள் மகள் வீட்டுக்குப் போய்விட்டீர்கள். போனை எடுப்பதில்லை. ஆகவே காகிதம். ஒரே கேள்வி: வேண்டுமென்றே செய்தீர்களா? ஆமாம், இல்லை, இரண்டில் ஒன்றைச் சொல்லுங்கள். எழுத்துப் பிழையைத் திருத்தி இதையே திருப்பி அனுப்ப வேண்டாம்.

உங்கள் மருமகளின் தாயார்

*

பிப்ரவரி 16

மரியாதைக்குரிய சம்பந்தி அம்மா அவர்களுக்கு,

தங்கள் 10-ம் தேதிக் கடிதம் கிடைத்தது. கேள்விக்குப் பதில்: இல்லை. கண்ணில் பட்டதைத்தான் காட்டினேன். இடது பக்கம் சாய்ந்தது, இடது காதைத் தொட்டேன்.

வந்திருந்தவர்களின் பட்டியல் சரியாகவே இருக்கிறது. தாங்கள் பேசியதை மட்டும் விட்டுவிட்டீர்கள். முப்பத்தொரு வருடம் கோர்ட்டில் டைப்பிஸ்டாக இருந்தவள் நான். சொன்னதைச் சொன்னபடி எடுப்பது என் வேலை. ஜாடி விழுந்ததும் தாங்கள் சொன்னது இது:

"ஏன் சம்பந்தி, எங்க பொண்ண எடுக்கப் பிடிக்கலைன்னா அப்பவே சொல்லியிருக்கலாமே! இப்படி நாலு பேரு முன்னாடியா கவுக்கணும்?"

அதோடு நிற்கவில்லை. "கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு?" என்றும் கேட்டீர்கள். பின்வரிசையில் சிரித்தார்கள். யார் சிரித்தார்கள் என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை.

எத்தனையோ கோபக்கார நீதிபதிகளிடம் வேலை பார்த்திருக்கிறேன். காற்புள்ளி விட்டுப்போனதற்குக்கூடத் திட்டு வாங்கியிருக்கிறேன். என் கண்ணைப் பற்றி எவரும் பேசியதில்லை.

மார்ச் 29-க்கு வேறு யாரையாவது ஏற்பாடு செய்துகொள்ளவும். என் நாற்காலியில் பல் டாக்டர் வீட்டம்மா உட்காரலாம். அவருக்குக் காது பெரிது, மேடையிலிருந்து நன்றாகத் தெரியும். நான் இங்கேயே இருந்துவிடுவதாக முடிவு செய்திருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் மகளின் மாமியார்

*

பிப்ரவரி 20

சம்பந்திக்கு,

கேட்டேன். கேட்கவில்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் "கவுக்கணும்" இல்லை, "கவுத்து விடணும்" என்றேன். எடுத்தால் முழுசாக எடுங்கள்.

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். நம் பிள்ளைகள் கல்யாணத்தன்று "பொண்ணு வீட்டு நாற்காலியெல்லாம் ஆட்டம் காணுதே" என்றீர்கள். பதினாலு வருடம் ஆகிவிட்டது, இன்னும் என் நெஞ்சில் அப்படியே இருக்கிறது. ஆனால் அந்த நாற்காலி ஆடியது நிஜம். நீங்கள் உண்மையைச் சொல்லி நோகடிப்பவர். பொய் சொல்லி நோகடித்ததில்லை. ஆகவே இடது பக்கம் சாய்ந்ததைப் பார்த்தேன் என்றால் பார்த்தீர்கள்தான்.

அப்படியானால் ஒரு சந்தேகம். நெட்டை மேடையை ஒட்டி, உங்களுக்கு வலது பக்கம் உட்கார்ந்திருந்தாள். ஜாடி அவள் மடியில் விழுந்தது. இடது பக்கம் சாய்ந்த ஜாடி வலது பக்கம் எப்படி விழும்?

நேற்று மருந்துக்கடைக்காரியைக் கூட்டிக்கொண்டு ஹாலுக்குப் போனேன். "கடைய விட்டுட்டு வந்திருக்கேம்மா, சீக்கிரம்" என்று பத்து தடவை சொன்னாள். உங்கள் நாற்காலியில் உட்கார்ந்தேன். கேமரா வைக்க இடம் வேண்டும் என்று இந்தத் தடவை முன்வரிசையையே பின்னுக்குத் தள்ளியிருக்கிறார்கள். பிறகு அவளிடம் இருந்த அன்றைய வீடியோவைப் போடச் சொன்னேன். எனக்கு என்னமோ போல இருந்தது. நிறுத்து என்றேன். என் வாட்ச் வலது கையில் இருந்தது. நான் வாட்ச் கட்டுவது இடது கையில்.

"அட, ஆமாம்மா! கேமராவா வெச்ச போன்ல செல்ஃபி எடுக்கிற பக்கத்தைத் திருப்பி வெச்சிருக்காங்க" என்றாள். மைக்கம்மாதான் கேட்டாளாம்: "தம்பி, நான் பேசறப்ப என் முகம் எனக்குத் தெரியணும், அப்படி வையுங்க." மாப்பிள்ளையும் வைத்திருக்கிறார். அவள் பேசி முடித்தபின் யாரும் மாற்றவில்லை. அதனால் டிவியில் எல்லாம் கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடம் வலமாகத் தெரிந்திருக்கிறது.

ஆக, காது சரி. டிவிதான் தப்பு. ஆனால் சம்பந்தி, நான் உங்கள் எதிரிலேயே நின்றேனே. என்னை விட்டுவிட்டுச் சுவரில் இருந்த டிவியை ஏன் பார்த்தீர்கள்? இன்னொன்று. முன்பெல்லாம் கடுகு கடுகாக எழுதுவீர்கள். இந்தக் கடிதத்தில் ஒவ்வொரு எழுத்தும் கடைப் பலகையில் எழுதினதுபோல் இருக்கிறது. என்ன விஷயம்?

சொல்லும்வரை விடமாட்டேன். வாரம் ஒரு கடிதம் போடுவேன்.

*

பிப்ரவரி 27

சம்பந்தி அம்மாவுக்கு,

நீங்கள் கோர்ட்டுக்கு வந்திருந்தால் நல்ல வக்கீலாக ஆகியிருப்பீர்கள்.

கண்புரை. இரண்டு கண்ணிலும். வலது கண் அதிகம். போன வருடம் பிப்ரவரியில் டாக்டர் பார்த்துவிட்டு, உடனே ஆபரேஷன் செய்தால் நல்லது என்றார். வீட்டில் ஒன்று மாற்றி ஒன்று வந்தது, தள்ளிப்போயிற்று. நானும் வற்புறுத்தவில்லை. யாரையும் குறை சொல்வதற்கில்லை.

உங்கள் வீட்டு மேஜையில் பழகும்போது நாலடி தூரம். அது தெரியும். கிளாடியோலஸ் சிவப்பென்றால் இன்னும் நன்றாகத் தெரியும். அதனால்தான் வெள்ளை வேண்டாம், சிவப்பு வையுங்கள் என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். நீங்கள் அதை என் ரசனை என்று நினைத்தீர்கள். சனிக்கிழமை நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிவிட்டார்கள். நீங்கள் வெள்ளை வைத்தீர்கள். பின்னால் வெள்ளைச் சுவர். எனக்குப் பனிமூட்டம்தான் தெரிந்தது. டிவியில் பெரிதாகத் தெரிந்தது. பிழைத்தோம் என்று நினைத்தேன்.

கண் தெரியவில்லை என்று உங்களிடம் முன்பே சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் அந்த நாற்காலி போய்விடும் என்று பயந்தேன். ரிட்டயர் ஆனபின் என்னை நம்பி ஒரு வேலையைக் கொடுத்தது நீங்கள் ஒருவர்தான். நான் காதைத் தொட்டால் மேடையில் ஒரு பூ நகர்கிறது. எனக்கு அது பெரிய விஷயமாக இருந்தது.

அன்று கண் எங்கே என்று நீங்கள் கேட்டதும், தெரிந்துவிட்டது போலிருக்கிறது என்றுதான் நினைத்தேன். அவமானமாகப் போய்விட்டது. கோபத்தில் கேட்டீர்கள் என்று இப்போது புரிகிறது. யாரிடமும் சொல்ல வேண்டாம். கேமரா விஷயத்தையும் விட்டுவிடுங்கள்.

சம்பந்தி

*

மார்ச் 3

சம்பந்திக்கு,

விடுவதா? நானா?

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு அடுப்பை அணைத்து உட்கார்ந்தவள், பிறகு எழுந்திருக்கவே இல்லை. கண் எங்கே என்று நான் கேட்ட அந்த ஒரு வார்த்தையை எப்படித் திரும்ப எடுப்பது என்று தெரியவில்லை. அதைத் தனியாகச் செய்கிறேன். இப்போது ஆக வேண்டியதைப் பாருங்கள். உங்கள் மகளை இன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணச் சொல்லுங்கள். நாளை என்றால் நான் பஸ் ஏறி வருவேன். வந்தால் வாசலில் உட்கார்ந்து எழுந்திருக்கமாட்டேன், என்னை உங்களுக்குத் தெரியும்.

இங்கே என் பாடு கேளுங்கள். உங்கள் நாற்காலிக்கு முதலில் போஸ்ட்மாஸ்டரை உட்காரவைத்தேன். பத்து நிமிஷத்தில் தூங்கிவிட்டார். தூக்கத்தில் காதைச் சொறிந்தார். நான் தள்ளினேன், ஜாடி அவுட். எழுப்பினால், "நேராத்தான் இருந்துச்சு, நீங்க ஏன் தள்ளினீங்க?" என்கிறார். பிறகு பல் டாக்டர் வீட்டம்மா. அவள் பூவைப் பார்ப்பதில்லை. என் முகத்தைப் பார்த்து, நான் என்ன நினைக்கிறேனோ அதற்குத் தலையாட்டுகிறாள். மைக்கம்மா தன் தங்கையை அனுப்புவதாகச் சொன்னாள். "என் பூ சாஞ்சா சாயட்டும், உங்க வீட்டுக் காது எனக்கு வேண்டாம்" என்று சொல்லிவிட்டேன்.

ஆகவே தனியாகச் செய்யப்போகிறேன். தினமும் காலையில் மூன்று தடவை அடுக்கிப் பிரிக்கிறேன். பூக்கடைக்காரர் காம்பு ஒடிந்ததெல்லாம் எனக்காக எடுத்துவைக்கிறார். நடுக்காம்பை விரலால் தடவிப் பார்த்தே, ஜாடிக்குள் காம்பைப் பிடித்து நிறுத்தும் ஊசித் தட்டில் நேராகக் குத்த வந்துவிட்டது. பத்தில் ஏழு தடவை நிற்கிறது. மீதி மூன்றுக்கு வழி யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

இன்னொரு கேள்வி. அறையைப் பூட்டிக்கொண்டுகூடப் பதில் எழுதுங்கள், ஆனால் எழுதுங்கள். டாக்டரிடம் நீங்கள் தனியாகப் போயிருக்கமாட்டீர்கள். ஆஸ்பத்திரி என்றாலே துணை தேடுகிறவர். கூட வந்தது யார்? என் மகளா? அவளுக்குத் தெரிந்து ஒரு வருடம் சும்மா இருந்தாள் என்றால், பெற்ற மகள் என்று பார்க்கமாட்டேன்.

*

மார்ச் 11

சம்பந்தி அம்மாவுக்கு,

உங்கள் மகளுக்கு ஒன்றும் தெரியாது. அந்தப் பெண்ணை ஒரு வார்த்தை கேட்காதீர்கள். அவளிடம் சொல்ல வேண்டாம் என்று சொன்னதும் நான்தான்.

கூட வந்தது என் பையன்.

அவனைத் தப்பாக நினைக்காதீர்கள். டாக்டர் சொன்னதும் "செஞ்சிடலாம்மா" என்றுதான் சொன்னான். பிறகு பிள்ளைகளுக்குப் பரீட்சை முடியட்டும் என்றான். பிறகு வீட்டுக்குப் பெயின்ட் அடித்து முடியட்டும் என்றான். பிறகு ஆபீஸில் கணக்கு முடிக்கிற மாதம். நானாகக் கேட்பதை நிறுத்திவிட்டேன். அவன் சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். யாராவது சத்தம் போட்டால் வேறு வேலை இருப்பதுபோல் நகர்ந்துவிடுவான். கெட்ட மனசு கிடையாது.

உங்களிடம் எதையும் மறைக்க முடியாது, ஆகவே இதையும் எழுதிவிடுகிறேன். அன்று நீங்கள் சத்தம் போட்டபோது நான் அவன் பக்கம்தான் திரும்பினேன். மங்கலாகத்தான் தெரிந்தது, ஆனால் பெற்ற பிள்ளையின் உருவம் தெரியாதா? கேமரா பக்கத்தில் வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தான். சுருட்டி முடித்துவிட்டு மறுபடி பிரித்துச் சுருட்டினான். நான் அதனால்தான் கிளம்பினேன். நீங்கள் திட்டியதற்காக மட்டும் இல்லை.

ஆபரேஷன் மார்ச் 27. என் மகள் எல்லாம் பேசி முடித்துவிட்டாள். முதலில் வலது கண். ஆகவே 29-ல் நான் வர முடியாது. நீங்கள் வெள்ளையே வையுங்கள். உங்களுக்குப் பிடித்தது அதுதானே.

ஒன்று கேட்கிறேன், தட்டாதீர்கள். என் பொருட்டு எல்லோரையும் மன்னித்துவிடுங்கள். அவனையும். ஒரே குடும்பமாகப் போய்விட்டோம், தினமும் முகத்தில் விழிக்க வேண்டும்.

சம்பந்தி

*

மார்ச் 31

சம்பந்திக்கு,

கண்ணில் கட்டு போட்டிருப்பார்கள், இதை உங்கள் மகள் படித்துக் காட்டுவாள் என்று தெரிந்துதான் எழுதுகிறேன். அவளும் கேட்கட்டும். ஆபரேஷன் நன்றாக முடிந்தது என்று அவள் போன் பண்ணியபிறகுதான் வியாழக்கிழமை சாப்பிட்டேன்.

சனிக்கிழமை விஷயம். அதே ஹால். அதே நெட்டை. இந்தத் தடவை இரண்டு நாற்காலி தள்ளிப்போய், மடியில் ரெயின்கோட்டை விரித்து உட்கார்ந்திருந்தாள். அதே பேனாக்காரி. உங்கள் நாற்காலியைக் காலியாகவே விடச் சொன்னேன். தையல்காரி தெரியாமல் பையை வைத்தாள். எடுக்கச் சொன்னேன். வெள்ளைக் கிளாடியோலஸ், வெள்ளை லில்லி, அடியில் கரும்பச்சை இலை. பின்னால் நின்று அடுக்கினேன். நடுக்காம்பு விரலுக்கு நேராகத்தான் இருந்தது. பத்தில் மூன்று தடவை அது பொய் சொல்லும் என்று எனக்குத் தெரியும்.

கத்தரியைக் கீழே வைத்தேன். மேடையை விட்டு இறங்கினேன். நடந்து போய் உங்கள் நாற்காலிக்கு முன்னால் நின்று, திரும்பி என் பூவைப் பார்த்தேன். மைக்கம்மா கையை வாயில் வைத்துக்கொண்டாள். வலது பக்கம் ஒரு விரல்கடை சாய்ந்திருந்தது.

நெட்டை எழுந்துவிட்டாள். "அம்மா, டெமோ பண்றவங்க முன்னாடி வரக் கூடாது. இது விதிப்படி தப்பும்மா."

"விதிப்படி செஞ்சது போன தடவை உங்க மடியில விழுந்துச்சு. இந்தத் தடவை தப்பா செஞ்சாவது நிக்கட்டும்" என்றேன்.

பேனாக்காரி முதல் தடவையாக வாயைத் திறந்தாள். சிரித்தாள். நான் மேடை ஏறி, விரல்கடை நகர்த்தி, மறுபடியும் இறங்கிப் பார்த்தேன். அதற்கும் மார்க் குறைத்துக்கொள்ளட்டும் என்று. பிறகு என் பதினொரு பேரைப் பார்த்துச் சொன்னேன்: "வீட்டில அடுக்கறப்ப வெக்கப்படாதீங்க. அப்பப்ப முன்னாடி வந்து பாருங்க." நோட்டில் எழுதிக்கொண்டார்கள்.

அறுபது வாங்கினால் பாஸ். எனக்கு அறுபத்திரண்டு. விதியை மீறியதற்குப் பதினைந்து குறைத்தார்களாம். சான்றிதழில் என் பெயருக்கு ஒரு எழுத்து விட்டுப்போயிருக்கிறது. நீங்கள் பார்த்தால் தூங்கமாட்டீர்கள். நான் அப்படியே மாட்டிவிட்டேன். வருகிற வியாழக்கிழமை வகுப்பு உண்டு.

இனி நான் தனியாக வைத்திருந்தது. பூவை மேடையில் விட்டுவிட்டு மைக்கம்மாவிடம் மைக்கை வாங்கினேன். வாங்கினேன் என்றால் பிடுங்கினேன். "போன தடவை எங்க சம்பந்தியைப் பார்த்து ஒரு வார்த்தை கேட்டேன். அது தப்பு. கேட்ட இடத்திலேயே சொல்றேன், தப்பு என்னோடது" என்றேன். உங்கள் கண்ணைப் பற்றி மூச்சு விடவில்லை. வீட்டிலும் யாரிடமும் கேட்கவில்லை, நீங்கள் சொன்னபடியே. சொன்னதைச் சொன்னபடி எடுத்திருக்கிறேன், ஒரு வார்த்தை கூட்டவில்லை. நீங்கள் என்னை மன்னிக்கிறீர்களா இல்லையா என்று கட்டு பிரித்தபின் உங்கள் கையால் எழுதுங்கள். கடுகு கடுகாக.

எல்லோரையும் மன்னிக்கச் சொன்னீர்கள். யோசித்தேன். மைக்கம்மாவை மன்னித்தேன். முகம் பார்க்க ஆசைப்பட்டாள், அவ்வளவுதானே. பின்வரிசையில் சிரித்தது நர்ஸ் தங்கையும் பூக்கடைக்காரரும். நீங்கள் திரும்பிப் பார்க்கவில்லை, நான் பார்த்தேன். அவர்களையும் மன்னித்தேன். தூங்கின போஸ்ட்மாஸ்டரை மன்னித்தேன். நீங்கள் சொன்ன அந்த நாற்காலிப் பேச்சு இருக்கிறதே, பதினாலு வருடம் போதும், அதையும் விட்டுவிட்டேன்.

ஒருத்தரை மட்டும் முடியாது சம்பந்தி. கேமராவுக்காக இல்லை. தெரியாமல் செய்ததை நான் மனதில் வைப்பதில்லை. பரீட்சைக்காக, பெயின்ட்டுக்காகக்கூட இல்லை. அந்த ஹாலில் உங்கள் கண்ணைப் பற்றித் தெரிந்தவர் ஒரே ஆள். நான் அத்தனை பேர் முன்னால் உங்களைக் கேட்கக் கூடாததைக் கேட்டபோது, "அத்தை, அம்மாவுக்குக் கண்ணு தெரியாது" என்று நாலு வார்த்தை சொல்லியிருந்தால் நான் அங்கேயே உங்கள் காலடியில் உட்கார்ந்திருப்பேன். நீங்களும் அவரைத்தான் திரும்பிப் பார்த்தீர்கள். அவர் வயரைப் பார்த்தார்.

மரியாதைக்குக் குறை வைக்கமாட்டேன். வீட்டுக்கு வந்தால் எழுந்து நிற்பேன், நல்ல நாற்காலியாகப் பார்த்துப் போடுவேன், டீயை நானே கொண்டுவந்து கொடுப்பேன், "வாங்க, உக்காருங்க" என்பேன். இதைப் படித்துக் காட்டுகிற தங்கை இப்போதே அண்ணனுக்குப் போன் பண்ணட்டும், எனக்குப் பயமில்லை. நான் உயிரோடு இருக்கும்வரை மன்னிக்காத ஒரே ஆள் உங்கள் பிள்ளை, என் மாப்பிள்ளை.